அத்தையின் பட்டாளத்துக் குப்பி

பழைய பட்டாளத்துச் சாமான் ஒன்றைப் படம் பிடித்துக் கைபேசியில் போட்டால், அது எந்தப் படைப்பிரிவுடையது, எந்த வருஷத்தியது என்று முன்பின் தெரியாத யாராவது ஒருவர் இன்று சொல்லிவிடுகிறார். என் சிறுவயதில் எங்கள் ஊரான ஸ்ரீவராகத்தில் அதற்கு என் மாமா ஒருவர்தான் இருந்தார். அம்மாவின் தம்பி. பி.எஸ்ஸி. தேறியிருந்தார், அதற்குப் பிறகு எழுதிய எந்தப் பரீட்சையிலும் தேறவில்லை. ஆனால் சாலைக் கடைத்தெருவின் பழைய சாமான் கடைகளில் கிடக்கும் இராணுவப் பைகள், சாப்பாட்டுத் தகரங்கள், பெல்ட்டுகள் ஆகியவற்றின் குறிகளைத் தடங்கல் இல்லாமல் வாசிப்பார்.

வாசித்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே. எங்கள் வீட்டுக்கு வந்தால் கேட்க ஆள் நான் ஒருத்திதான். அம்புக்குறி இருந்தால் சர்க்கார் சொத்து. அதன் பக்கத்தில் இரண்டு இலக்கம் இருந்தால் செய்த வருஷம். பெயிண்டில் எழுதிய எழுத்துகள் எந்தப் பிரிவு என்பதைக் காட்டும். வாய்ப்பாட்டைவிட இதெல்லாம் எனக்கு நன்றாக மனப்பாடமாகியிருந்தது.

எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு சாமான் இருந்தது. ஆனால் அதை மாமா தொடக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அது அத்தையுடையது. அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடுதான் இருந்தாள். அவள் கணவர் பட்டாளத்தில் வயர்லெஸ் பிரிவுக்காரர். கல்யாணமான மறுவருஷம் வங்காள யுத்தத்துக்குப் போனவர் திரும்பவில்லை. காணவில்லை என்று மட்டும் தந்தி வந்ததாம். காணாமல் போனவர் என்றைக்காவது வந்துதானே ஆக வேண்டும் என்று அத்தை வருஷக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் வாசலைப் பார்த்தபடி இருந்தாளாம். பிறகு ஒருநாள் அப்பா காக்கி உறை போட்ட தண்ணீர்க் குப்பி ஒன்றைக் கொண்டுவந்து, பட்டாளத்து ஆபீசிலிருந்து வந்தது, அவருடையது என்று அவள் முன்னால் வைத்தார். அதற்குப் பிறகுதான் அவள் எழுந்து குளித்துச் சாப்பிட்டு, டைப்ரைட்டிங் படித்து, வேலைக்கும் போனாள். இதெல்லாம் நான் பிறப்பதற்கு முந்தைய கதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா எனக்கு ஒரு பெல்ட்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அத்தை குப்பியோடு வந்து அதை அவர் மடியில் வைத்தாள்.

"இதுல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுச் சொல்லேன்."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா, "அதெல்லாம் இப்போ எதுக்கு?" என்றார்.

"சும்மாத்தான் அண்ணா."

அனுமதி கிடைத்த சந்தோஷத்தில் மாமா அப்பாவின் முகத்தைக் கவனிக்கவில்லை. உறையின் பொத்தான்களைக் கழற்றினார், லென்ஸை எடுத்தார்.

"அம்பு இருக்கு. அசல் பட்டாளத்துச் சாமான்தான். செஞ்ச வருஷம்... அக்கா, இது யுத்தம் முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சுச் செஞ்சதாக்கும்!"

உற்சாகமாகச் சொல்லிவிட்ட பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. நானும் எட்டிப் பார்த்தேன். அவர் வாசித்தது சரியாகவே இருந்தது.

"வேற?" என்றாள் அத்தை.

"உறையில இருக்கறது வயர்லெஸ்காரா அடையாளம் இல்லை. லாரிக்காராளோடது மாதிரி... அழிஞ்சு கெடக்கு, நான் தப்பா வாசிச்சிருப்பேன், கேட்டேளா..."

"தப்பில்லை." அத்தை அப்பாவின் பக்கம் திரும்பினாள். "எந்தக் கடைல வாங்கினே அண்ணா?"

அப்பா பேப்பரை மடிக்க முயன்றார். அது மடியவில்லை.

"சாலைக் கடைத்தெருவிலதான். நீ சாப்பிடாமக் கெடந்தே. இனி உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்கு வேற வழி தெரியலை."

"எனக்கு அன்னிக்கே தெரியும்."

"எப்படி?"

"இதுக்கு மூடி இருக்கு. அவரோட குப்பிக்கு மூடி கிடையாது. ரயில்ல தொலைச்சுட்டு வந்தார். நான்தான் கார்க்கைச் செதுக்கிக் குடுத்தேன்."

"பின்னே ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"பொய்யே சொல்லாதவன் நீ. நீயே இதை வெச்சுண்டு பொய் சொன்னே. அவர் வரமாட்டார்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. இத்தனை வருஷமா இதை வெளியில எடுத்தாலே நீ எழுந்து போயிடறே. எனக்கு அதைத்தான் பார்த்துண்டிருக்க முடியலை. அதான் இன்னிக்கு வாசிக்கச் சொன்னேன்."

அப்பா அழுதார். பெரியவர்கள் அழும்போது எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மாமா லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார். தான் இனி இந்த வீட்டுக்கு வர முடியாது என்று அவர் முடிவுசெய்துவிட்டது தெரிந்தது.

"எங்கே கெளம்பிட்டே? சாரமில்லை, பரவாயில்லை, காபி குடிச்சுட்டுப் போ" என்று அத்தை அவரை உட்கார வைத்தாள்.

காபி ஆனதும் அவள் குப்பிக்கு உறை மாட்டி, பொத்தான் போட்டு, மறுபடி தன் அலமாரியில் வைத்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"அது அவரோடது இல்லையே அத்தை. எதுக்கு இன்னும் வெச்சுக்கறே?"

"அண்ணா குடுத்ததுடி."

அத்தைக்கு விஷயம் சரியாகப் புரியவில்லை என்று நினைத்தேன். குப்பியை எடுத்து, உறையைக் கழற்றி, அம்புக்குறி எது, வருஷம் எது, லாரிக்காரர்களின் எழுத்து எது என்று ஒவ்வொன்றிலும் விரலை வைத்து முதலிலிருந்து நிதானமாக விளக்கினேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, குறுக்கே பேசாமல், கடைசிவரை கேட்டாள்.

"ஓ, அப்படியா" என்றாள்.