நம்பத்தகுந்த பெரியவர்

பாரசீகத்துக் கெர்மான் நகரில் தூபாவின் கை படாத முதுகு குறைவு. கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த பெண்கள் குளியல்கூடத்தில் இருபது வருடமாக அழுக்குத் தேய்த்துவிடும் வேலை அவளுக்கு. ஆட்டுமயிரில் நெய்த முரட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டு அவள் தேய்க்க ஆரம்பித்தால், அழுக்கு உருண்டு வருவதற்கு முன்னால் குளிப்பவளின் வாயிலிருந்து சேதி உருண்டு வந்துவிடும். வெந்நீரின் ஆவியில், ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, தன் முதுகுக்குப் பின்னால் இருப்பவளிடம் எதையும் மறைக்கத் தோன்றாது. ஆளுநரின் இரண்டாவது மனைவிக்கும் மூன்றாவது மனைவிக்கும் என்ன சண்டை, எந்தப் படைத்தலைவனுக்கு நான்கு மாதமாகச் சம்பளம் வரவில்லை, எந்த மலைக்கணவாயில் யாருடைய கோவேறு கழுதைகள் பறிபோயின, எல்லாம் அவளுக்குத் தெரியும்.

விதவை. பிள்ளை கிடையாது. தம்பி மிர்சா யதுல்லா ஊரில் இருந்த வெள்ளைக்கார அரசின் தூதர் கான்சலிடம் எழுத்தர். சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து தேநீர் குடிப்பான், சீரகம் போட்ட பேரீச்சம்பழப் பணியாரத்தை நாலைந்து உள்ளே தள்ளுவான், "அப்புறம் என்னக்கா விசேஷம்?" என்பான். தம்பிக்குத் தன் பேச்சில் இத்தனை ஆசையா என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. எல்லாவற்றையும் கொட்டிவிடுவாள்.

ஒருநாள் கம்பளக்காரர் ரஜப்பின் மனைவி கோல்பானு குளிக்க வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"என்னடி ஆச்சு?"

"அவர் பழத்தோட்டக் காவலுக்குன்னு ஒரு துப்பாக்கி வாங்கி வெச்சிருந்தாருல்ல. ஆளுநர் ஆளுங்க நேரா வந்து, வைக்கோல் அறையில கைய விட்டு எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க இருக்குன்னு கேட்கவே இல்ல தூபா. தெரிஞ்சு வந்தாங்க. உள்ளங்கால்ல அறுபது பிரம்படி. மனுஷன் தவழ்ந்துதான் போறாரு."

தூபாவின் கை நின்றுவிட்டது. துப்பாக்கியும் வைக்கோல் அறையும் கோல்பானு தன் வாயால் இதே கல்திண்டில் சொன்னவை. தூபா அதை ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தாள்.

அன்றைக்குத் தம்பி வந்தபோது பணியாரத் தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

"ரஜப் வீட்டுச் சேதிய யாருகிட்ட சொன்ன?"

யதுல்லா முதலில் மழுப்பினான். பிறகு, ஒளிக்கிற சாமர்த்தியம் போதாமல், கொஞ்சம் பெருமையாகவே சொல்லிவிட்டான். கான்சல் ஒவ்வொரு வாரமும் தன் மேலதிகாரிகளுக்கு ஓர் அறிக்கை அனுப்புகிறார். மாகாணத்தில் என்ன நடக்கிறது, எந்தச் சாலையில் பயமில்லை, ரொட்டி என்ன விலை, யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று. அதற்குச் சேதி திரட்டித் தருவது அவன் பொறுப்பு.

"உன் பேர நான் போடவே இல்லக்கா. 'இந்நகரத்து நம்பத்தகுந்த பெரியவர் ஒருவர் தெரிவிக்கிறார்'னுதான் எழுதுவேன். கான்சலுக்கு அந்தப் பெரியவர் மேல ரொம்ப மரியாதை."

"பெரியவரா?"

"பின்ன என்ன, அழுக்குத் தேய்க்கிறவள்னு எழுத முடியுமா?"

"அப்ப ரஜப்பு?"

"ஆயுதம் பெருகிடுச்சுன்னு கான்சல் ஆளுநர்கிட்ட குறைப்பட்டுக்கிட்டாரு. உதாரணம் கேட்டாங்க. இவர் ஒண்ணு சொன்னாரு. இப்படி ஆகும்னு நான் நினைக்கலக்கா."

"நீ நினைக்கல. நானும் நினைக்கல. அடி வாங்கினது அவன்."

மறுநாள் காலை அவள் ஆட்டுக்கொழுப்பும் மருதாணியும் குழைத்த களிம்பை எடுத்துக்கொண்டு ரஜப் வீட்டுக்குப் போனாள். வாசற்படியிலேயே நின்று, கோல்பானுவிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். கோல்பானு களிம்பை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தினாள். அதன்பின் அவள் குளிக்க வடக்குத் தெருக் குளியல்கூடத்துக்கே போனாள். தூபா யாரிடமும் குறை சொல்லவில்லை. வரும் வழியில் மட்டும் முக்காட்டுத் துணி நனைகிற அளவுக்கு அழுதாள்.

தம்பியிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். "சாலையில நடக்கிறத கேளு, சந்தையில நடக்கிறத கேளு. வீட்டுக்குள்ள இருக்கிறத இனிமே கேட்காத."

அந்த இலையுதிர்காலத்தில் பந்தர் அப்பாஸ் துறைமுகச் சாலை அடைபட்டுப் போனது. ஷாஸ்வார் கான் என்ற கொள்ளைத்தலைவன் கணவாயில் உட்கார்ந்துகொண்டு எதையும் விடவில்லை. சர்க்கரையும் தேயிலையும் ஏற்றிய அறுபது ஒட்டகங்கள் ஒரு மாதமாகக் கணவாய்க்கு அந்தப் பக்கச் சத்திரத்தில் படுத்து அசைபோட்டன. நகரத்தில் ஜனங்கள் சர்க்கரைக்குப் பதில் உலர்ந்த முசுக்கொட்டைப் பழத்தைக் கடித்துக்கொண்டு, அடித்தூள் தேநீர் குடித்தார்கள். ஆளுநர் கொள்ளையர் ஐந்நூறு பேர் என்றார். கடைத்தெருவில் அது இரண்டாயிரமாகி, அவர்களிடம் பீரங்கியும் வந்துவிட்டது.

அப்போதுதான் ஒரு திங்கட்கிழமை, சாதாரணக் கறுப்பு முக்காடு போட்ட ஒரு பெண்மணி, மகளோடும் நான்கு தோழிகளோடும் வந்து கூடம் முழுவதையும் மூன்று நாளைக்குப் பேசி எடுத்தாள். மருதாணிக்கு, முடி எடுக்க, மணப்பெண் குளியலுக்கு. பெயர் கேட்டால் பொதுவாகச் சிரித்தாள். ஆனால் சட்டையைக் கழற்றியதும் தூபாவுக்குத் தெரிந்துவிட்டது. தோள்பட்டையில் இருந்த தீத்தழும்பைப் பத்து வருடத்துக்கு முன் அவளே தேய்த்திருக்கிறாள். ஷாஸ்வார் கானின் மனைவி நிம்தாஜ்.

 ஒரு வார்த்தை தம்பி காதில் விழுந்தால் போதும். ஆளுநர் தாயையும் பெண்ணையும் பிடித்து வைத்துக்கொள்வார். சாலை திறக்கும். தலையில் மருதாணியோடு அந்தப் பெண் எந்தக் கோட்டையில் கிடப்பாளோ. வாயைத் திறக்காவிட்டால் ஊர் முழுவதும் முசுக்கொட்டைப் பழம்தான்.

இரண்டாம் நாள், கையுறையை அழுத்தித் தேய்த்தபடியே பேச்சை ஆரம்பித்தாள்.

"கல்யாணத்துக்கு எல்லாம் தயாரா, அம்மா?"

"எல்லாம் ஆச்சு. துணி, கண்ணாடி, மெழுகுவத்தி."

"மணமக்க தலைக்கு மேல வழக்கப்படி ஒண்ணோடொண்ணு உரசறதுக்குச் சர்க்கரைக் கூம்பு?"

நிம்தாஜ் ஈரக் கூந்தலைப் பிழிந்தாள்.

"ஊருல ஒண்ணுகூட கிடையாது. தேடிப் பார்த்துட்டுத்தான் வந்திருப்பீங்க. அறுபது ஒட்டகம் நிறைய இருக்குதாம். எவனோ ஒருத்தன் வழிய மறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கானாம். அவன் வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம் வந்தா என்ன பண்ணுவானோ."

நிம்தாஜ் மெதுவாகத் திரும்பி அவளைப் பார்த்தாள். தூபா கண்ணைத் தாழ்த்தவில்லை.

"நீ யாருகிட்டயாவது சொன்னியா?"

"சொல்றதா இருந்தா நேத்தே சொல்லியிருப்பேன். திரும்புங்க, இடது தோள் பாக்கி."

நிம்தாஜ் இடது தோளைத் திருப்பிக் கொடுத்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "அந்த மனுஷன்கிட்ட நானும் இதத்தான் கேட்டேன். மலையையே மிரட்டுறீங்களே, பொண்ணு கல்யாணத்துக்கு என்னத்த உரசப் போறீங்க, உங்க தாடியையான்னு." துடைத்துக்கொண்டு எழுந்தபோது சொன்னாள்: "வியாழன்லேர்ந்து பத்து நாள். அதுக்குள்ள வர்றது வரட்டும்."

புதன்கிழமை சாயங்காலம் தாயும் மகளும் ஊர் எல்லையைத் தாண்டிய பிறகுதான் தூபா தம்பிக்கு ஆள் அனுப்பினாள்.

"எழுதிக்கோ. நாளையிலேர்ந்து பத்து நாளைக்குப் பந்தர் சாலையில ஒரு ஈ கூட கடிக்காது."

"காரணம் கேட்பாங்களே."

"பெரியவர் சொல்றாருன்னு எழுது. அவர் மேலதான் மரியாதைன்னியே."

கான்சல் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்து, சேதியை ஆளுநருக்கும் வியாபாரிகளுக்கும் சொல்லியனுப்பினார். ஆளுநர் கைகொட்டிச் சிரித்தார். வியாபாரிகள் துணிந்துவிட்டார்கள். எட்டாம் நாள் அறுபது ஒட்டகங்களும் மணி குலுங்க நகரத்துக்குள் நுழைந்தன. கணவாயில் ஐந்நூறு பேரும் இல்லை, பீரங்கியும் இல்லை. பதினேழு பேர் வந்து மறித்தார்களாம். மரியாதையாக ஸலாம் சொல்லி, நல்லதாகப் பார்த்து ஏழே ஏழு சர்க்கரைக் கூம்புகளை எடுத்துக்கொண்டு வழிவிட்டார்களாம்.

ஒட்டகங்கள் வந்த மூன்றாம் நாள் யதுல்லா மூச்சிரைக்க ஓடி வந்தான். "அக்கா, பெரியவரைப் பார்க்கணும்னு கான்சல் ஒத்தக்கால்ல நிக்கிறாரு. ஆளுநருக்கும் அவர் வேணுமாம். நான் யாரக் கொண்டுபோய் நிறுத்துவேன்?"

"மஷ்ஹதுக்குப் புனித யாத்திரை போயிட்டாருன்னு சொல்லு. வயசானவர், திரும்பி வர நாளாகும்."

அது அப்படியே அந்த வார அறிக்கையில் ஏறியது, வருத்தத்தோடு. அடுத்த கோடையில் கான்சலுக்கு மாற்றல் வந்தது. புறப்படும்போது, திரும்பி வந்தால் பெரியவரிடம் கொடுக்கச் சொல்லி, வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி ஒன்றை யதுல்லாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதன் வளைந்த பிடி கொதிக்கிற செப்புக் குடத்தை அடுப்பிலிருந்து இழுக்க வாகாக இருந்தது. தூபாவின் விரல்கள் அதற்குப் பிறகு வெந்ததே இல்லை.