அறுத்தெடுத்த ஆறு தகடுகள்

அந்தப் படகுப் பட்டறையில் அவளை எல்லோரும் அரம் என்றுதான் கூப்பிடுவார்கள். இரும்பை ராவுவது அவள் வேலை என்பது பாதிக் காரணம். மீதிப் பாதி, பத்தொன்பது வயதில் அவள் செய்த காரியம். குடித்துவிட்டு வந்து தம்பியை பெல்ட்டால் விளாசிக்கொண்டிருந்த அப்பாவின் கையில், பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த அரத்தால் ஓங்கிப் போட்டாள். இரண்டு விரல் எலும்பு நொறுங்கியது. அதற்குப் பிறகு அப்பா பெல்ட்டை இடுப்பில் மட்டும்தான் கட்டினார். தம்பிக்கு அப்போது எட்டு வயது. அம்மா இல்லாத வீட்டில் அன்றிலிருந்து அவன் அக்காவுக்குத் தம்பி இல்லை, பிள்ளை.

இப்போது அவளுக்கு நாற்பத்தொன்று. தம்பி அதே பட்டறையில் படகோட்டி. புதுப் படகு எது இறங்கினாலும் முதலில் ஓட்டிப் பார்ப்பது அவன்தான்.

அங்கே செய்தது சாதாரணப் படகு இல்லை, ஹைட்ரோஃபாயில் படகு. வயிற்றுக்கு அடியில் நான்கு எஃகுக் கால்கள். கால்களின் அடியில் விமானத்துக்கு இருப்பது போலச் சின்னச் சின்ன இறக்கைகள். படகு வேகம் பிடித்ததும் தண்ணீருக்குள் இருக்கும் இறக்கை மேலே தூக்கும். உடம்பு முழுக்கத் தண்ணீரை விட்டு எழும்பி, கால் நுனியில் நின்றபடி படகு பறக்கும். அந்த இறக்கைகளைத் தேய்த்து வழவழப்பாக்குவது அரத்தின் வேலை. தலைமுடி அளவு மேடு தட்டினாலும் விடமாட்டாள். உப்புத்தாளை எடுத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிடுவாள்.

இறக்கைகளை வரைந்தவருக்கு பென்சில் என்று பெயர். ஆளும் அந்தப் பருமன்தான். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூன்றை விழுங்கிவிடுவார். அவர் வரைந்த புதுப் படகின் முன்னங்கால்கள் இரண்டிலும் மூன்று மூன்றாக ஆறு தகடுகள் இருந்தன. உள்ளங்கை அகலம். காலுக்குக் குறுக்கே, கழுத்தில் காலர் மாட்டியது போல. படத்தில் அளவு இருந்தது. எதற்கு என்று ஒரு வரி இல்லை. அரமும் கேட்கவில்லை. பற்றவைத்தாள், ராவினாள், முடித்தாள்.

வாங்க வரும் கம்பெனிக்காரர்கள் பார்ப்பதற்கு முந்தைய நாள், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தம்பி வந்தான். படகைத் தண்டவாளத்தில் தூக்கி நிறுத்தியிருந்தார்கள்.

"அக்கா, அந்தத் தகடு என்னத்துக்கு? தண்ணியைப் புடிச்சு இழுக்குது. பாசி வேற வந்து சுத்திக்குது. எவ்வளவு முறுக்கினாலும் வேகம் நாப்பது மைலுக்கு மேல ஏறமாட்டேங்குது."

"பென்சில் போடச் சொன்னாரு, போட்டேன்."

"ஏன்னு சொன்னாரா?"

"அவரு எதைத்தான் சொல்லியிருக்காரு?"

"பாத்தியா! அழகுக்குப் போட்டிருக்காரு. பக்கத்துப் பட்டறைக்காரன் படகு நாப்பத்திரண்டு ஓடுது. நாளைக்கு நான் நாப்பது ஓட்டினா என் மூஞ்சியில காறித் துப்புவானுங்க. எடுத்துடுக்கா. ஒரு நாளைக்குத்தான். சாயங்காலமே திரும்ப ஒட்டிடலாம்."

"ஃபோர்மேனைக் கேக்கணும்டா."

"ஃபோர்மேன் பென்சிலைக் கேப்பான். பென்சில் ஒரு மாசம் யோசிப்பாரு. அதுக்குள்ள எனக்கு நரைச்சுடும்."

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்புக்காகப் பின்னாளில் தன்னைத் தானே எத்தனையோ முறை அறைந்துகொண்டாள். ஆனால் அன்றைக்குச் சிரித்தாள், கிரைண்டரை எடுத்தாள். பொறி பறக்க ஆறு தகடும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் விழுந்தன. வெட்டிய இடத்தை ராவி, தேய்த்து, சாயமும் பூசினாள். பூசிய பிறகு அங்கே ஒன்று இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று மணிக்கெல்லாம் படகைத் தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். கால்கள் கண்ணுக்கு மறைந்தன.

மறுநாள் காலை, கம்பெனிக்காரர்கள் கரையில் நின்று பார்க்க, படகில் பட்டறை ஆட்கள் பதினோரு பேர் ஏறினார்கள். கடைசியாக ஏறியவன் எலக்ட்ரீஷியன். வாய் ஓயாத ஆள். "அரம், உன் குறடைக் குடு, என்னுது எங்கயோ போயிடுச்சு" என்று வாங்கிக்கொண்டு போனான். "திருப்பித் தரலன்னா விரலை உடைச்சிடுவேன்" என்றாள். "தெரியுமே, உங்கப்பாவே சாட்சி" என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தான்.

கரைச் சரிவில் அரமும் பென்சிலும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். படகு எழும்பியது. இரண்டு மிதவைகளுக்கு நடுவே அம்பு மாதிரி போயிற்று. பென்சில் கையில் இருந்த ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், மறுபடி பார்த்தார்.

"நாப்பத்திமூணு," என்றார். சந்தோஷப்படவில்லை. நெற்றி சுருங்கியது. "எப்படி?"

அவளுக்கு மட்டும் நெஞ்சு நிறைந்திருந்தது. என் தம்பி!

தம்பி அந்த வேகத்திலேயே திருப்பினான். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சீத்தென்று ஒரு சத்தம், யாரோ பெரிய துணியைக் கிழித்த மாதிரி. முன்னங்கால் தண்ணீரைக் கைவிட்டது. அவ்வளவுதான் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. படகின் மூக்கு கீழே குத்தியது. அந்த வேகத்தில் தண்ணீர் தண்ணீராக இருக்காது, பாறையாகிவிடும். மொத்தப் படகும் மூக்கில் நின்று, முறுக்கிக்கொண்டு பக்கவாட்டில் விழுந்தது. முன்கண்ணாடி வழியாக ஒரு நாற்காலி பறந்தது. அதில் ஆள் இருந்தான்.

அரம் சின்னப் படகில் குதித்து ஓட்டிக்கொண்டு போனாள். எலக்ட்ரீஷியனை முடியைப் பிடித்துத்தான் தூக்கினாள். தலை போகக்கூடாத பக்கம் போயிற்று. தம்பியை ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. தாடை இரண்டாகப் பிளந்து நாக்கு வெளியே தெரிந்தது. அவன் பற்களில் இரண்டு அவள் சட்டைப் பையில் இருந்ததை, ஆஸ்பத்திரியில் கை கழுவும்போதுதான் பார்த்தாள். ஏழு பேருக்குக் கை கால் உடைந்தது. எலக்ட்ரீஷியன் செத்தான்.

பிழைத்தவர்கள் சொன்னது ஒரே பேச்சு: "இறக்கை விட்டுடுச்சு." இறக்கை விட்டது என்றால் இறக்கையை வரைந்தவன்தானே பொறுப்பு? மதியம் இரண்டு மணிக்குள் ஒரு கும்பல் பட்டறைக்குள் புகுந்தது. அடிபட்டவர்களின் அண்ணன், மாமன், மச்சான் என்று முப்பது பேர் இருக்கும். ஃபோர்மேன் ஆபீஸ் கதவைப் பூட்டிக்கொண்டார். பென்சிலைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து சரிவில் தள்ளினார்கள்.

அரம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது அடி ஆரம்பித்து ரொம்ப நேரமாகியிருந்தது. எலக்ட்ரீஷியனின் மச்சான் கையில் ஒரு இரும்புக் குழாய். பென்சிலின் காதிலிருந்து ரத்தம் ஒழுகியது. ஒருவன் உதைக்க, இன்னொருவன் தூக்கி நிறுத்தி, உதைத்தவனுக்கு வசதி செய்து கொடுத்தான். அந்த மனிதர் கையைக் கூட மறைப்பாக வைக்கவில்லை. "என் கணக்குலதான் தப்பு இருந்திருக்கும். என் கணக்குலதான்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால், ஓடியிருந்தால், வாய் மூடியே நின்றிருப்பாளோ என்னவோ. கூட்டத்துக்குள் முழங்கையால் இடித்துக்கொண்டு போனாள். ஒருவன் மூக்கை உடைத்தாள். மச்சான் ஓங்கிய குழாயை இடது கையால் மறித்தாள். எலும்பு உடைந்த சத்தம் அவள் காதுக்கே கேட்டது.

"அவரை விடுங்கடா! அவரு சரியாத்தான் வரைஞ்சாரு. நான்தான் அறுத்தேன்! தகட்டை நான் அறுத்தேன்!"

கூட்டம் ஒரு கணம் நின்றது. பிறகு அவள் மேல் விழுந்தது. யார் எதால் அடித்தார்கள் என்று அவளுக்கு நினைவில்லை. ஒரே ஒரு அடி மட்டும் நினைவிருக்கிறது. எலக்ட்ரீஷியனின் மனைவி, நிறைமாதம், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மெலிந்த கை. "ஏண்டி? அவர் உனக்கு என்னடி பண்ணாரு?" என்று கேட்டு முகத்தில் அறைந்தாள். வலித்தது அதுதான். போலீஸ் வந்து இழுத்துப் போகும்வரை அரம் அவள் காலடியிலேயே கிடந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் அடுத்தடுத்த வார்டு. பென்சில் தலைக்கட்டோடு வந்து அவள் கட்டில் அருகே உட்கார்ந்தார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக அத்தனை நீளமாகப் பேசினார்.

"வேகமா ஓடும்போது இறக்கையோட மேல்பக்கம் உறிஞ்சும்மா. தண்ணிக்கு மேல இருக்குற காத்து, காலை ஒட்டிக்கிட்டே கீழ இறங்கப் பாக்கும். நேரா போனா தப்பிச்சுக்கலாம். திரும்புறப்ப கால் சாஞ்சு தண்ணியைக் கிழிக்கும், ஒரு பக்கம் வழி திறந்துடும். காத்து இறக்கைக்கு வந்து சேந்தா, தூக்குற சக்தி அப்படியே போயிடும். அந்தத் தகடு காத்துக்குப் போட்ட கதவு."

அவள் கூரையைப் பார்த்தபடி கேட்டாள். "இதை அந்தப் படத்துல ஒரு வரி எழுதியிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?"

அவர் எழுந்து போய்விட்டார்.

விசாரணை அதிகாரி தம்பியிடம் போனார். தகட்டை எடுக்கச் சொன்னது நீயா என்று கேட்டார். தாடையைக் கம்பியால் கட்டியிருந்தார்கள், பேச முடியாது. அவன் தலையை இடமும் வலமும் ஆட்டினான். இல்லை.

அது அவள் காதுக்கு வந்தபோது, கையில் மாவுக்கட்டோடு எழுந்து தம்பியின் வார்டுக்கு நடந்தாள். அவன் கண்ணில் நீர் கோத்தது. அவசரமாக நோட்டில் எழுதிக் காட்டினான்: 'எனக்கு ரெண்டு குழந்தை இருக்கு. உனக்கு யாரும் இல்லையேக்கா.'

அவள் நோட்டைப் பிடுங்கி அதனாலேயே அவனை அறைந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கம்பி கட்டிய பற்களுக்கு நடுவே அவன் நாய் மாதிரி ஊளையிட்டான். "யாரும் இல்லையா? எனக்கு யாரும் இல்லையாடா?" மாவுக்கட்டுக் கையால் அவன் மார்பில் குத்தினாள், உடைந்த எலும்பு மறுபடி விலகியது. மூன்று நர்சுகள் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

ஆனால் நீதிமன்றத்தில் அவள் அவன் பெயரை எடுக்கவில்லை. கேட்டார்கள். "நானாத்தான் செஞ்சேன்" என்றாள். பென்சில் சாட்சிக்கூண்டில் ஏறி, யாரும் கேட்காமலே, காரணம் எழுதாத படம் பாதிப் படம்தான் என்றும் தண்டனையில் பாதி தனக்கு வரவேண்டும் என்றும் சொன்னார். நீதிபதிக்கு அப்படிப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் இல்லை. அவளுக்குப் பதினோரு மாதம் கிடைத்தது.

வெளியே வந்த அன்று நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவன் இளைத்துப் போயிருந்தான். வாய் கோணலாகவே ஒட்டியிருந்தது. வழிவிட்டு நின்று, "அடிக்கா" என்றான்.

"உன்னை அடிச்சு என் கைதான் கெட்டுப்போச்சு. என்கிட்ட வாங்குற அடி இது இல்ல. போ, எலக்ட்ரீஷியன் பொண்டாட்டிகிட்டப் போய்ச் சொல்லு."

"கொன்னுடுவாளுக்கா."

"கொல்லட்டும்."

அவன் போனான். அவள் தெருமுனையில் நின்றாள். கூடப் போகவில்லை, ஆனால் வீடு தெரியும் தூரம். எலக்ட்ரீஷியனின் மனைவி இடுப்பில் குழந்தையோடு வந்து கதவைத் திறந்தாள். அவன் வாசலில் மண்டியிட்டு ஏதோ சொன்னான். அவள் குழந்தையை உள்ளே விட்டுவிட்டு, கதவுக்குக் குறுக்கே போடும் கட்டையோடு திரும்பி வந்தாள். புருவம் பிளந்தது. தோளில் இரண்டு, முதுகில் நாலு. தம்பி கையைத் தூக்கவில்லை. அரம் தன் இரண்டு கைகளையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு நின்றாள், ஓடிப்போய் மறித்துவிடக் கூடாது என்று. கட்டை தானாகவே கீழே விழுந்தது. அந்தப் பெண் படியில் உட்கார்ந்து, வயிறு வலிக்கிற மாதிரி குனிந்து அழுதாள்.

மறுநாள் தம்பி போலீசுக்குப் போய் எழுதிக் கொடுத்தான். படகு ஓட்டும் உரிமம் போயிற்று, சிறைக்கும் போனான். தாயில்லாத அவன் குழந்தைகள் இரண்டும் அத்தை வீட்டுக்கு வந்து, ஆளுக்கு ஒரு பக்கம், சுவரில் பல்லி மாதிரி அவள் தோளில் ஒட்டிக்கொண்டன.

பென்சில் வேறொரு பட்டறைக்கு மாறியிருந்தார். ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார். மேசையில் புதுப் படம். காலும் தகடும் ஒரே வார்ப்பு. வெட்டினால் காலே போய்விடும். ஓரத்தில் நுணுக்கி நுணுக்கி இருபது வரி எழுதியிருந்தார், எது எதற்கு என்று. இடது கை முழுசாக மடங்காது என்று அவள் சொன்னதற்கு, "எனக்கு ஒரு காது கேக்காது, ஆரம்பிப்போமா?" என்றார்.

அந்தப் படகு தண்ணீரில் இறங்கிய நாள் அவள் கரையில் நிற்கவில்லை. ஏறினாள். முன்வரிசையில்தான் உட்காருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். பென்சில் பக்கத்தில் உட்கார்ந்தார். நாற்பது வந்தது. ஓட்டியவள் திருப்பினாள். படகு சாய்ந்தது. அரம் நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் அதன் உறை கிழிந்தது. கண்ணை மூடாமல், ஜன்னல் வழியாகப் படகின் முன்னங்காலையே பார்த்தாள். கால் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போயிற்று, விடவில்லை. படகு முழு வட்டமும் சுற்றி நேராயிற்று.

"சரியா இருக்கு," என்றார் பென்சில்.

அவள் ஏதோ சொல்ல வாய் திறந்தாள். வார்த்தைக்குப் பதிலாகக் காலையில் சாப்பிட்டதெல்லாம் அவர் செருப்பில் வந்து விழுந்தது.