ஹேண்டில் கழுத்தில் வைத்த பொட்டு

பத்திரம் எழுதுவது என் பிழைப்பு. பழைய ரேஸ் சைக்கிளுக்கு வயது சொல்வது என் கிறுக்கு. தர்மபுரியில் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே ஒரு தகரக்கூரைக் கடையில் உட்கார்ந்து எத்தனையோ வருஷமாகப் பழைய பத்திரங்களைப் புரட்டியிருக்கிறேன். முத்திரையையும் மையையும் பார்த்தே இது எந்தக் காலத்துக் காகிதம், யார் எதை மறைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணைச் சைக்கிள் பக்கம் திருப்பியவர் என் வீட்டுக்காரர்.

அவருக்குப் பால் சங்கத்தில் வேலை. உடம்பில் சர்க்கரை. தினமும் நடங்க என்றார் டாக்டர். நாலு நாள் நடந்துவிட்டு, "நடந்தா தெருநாய் பூரா தொணைக்கு வருது, மானம் போவுது" என்று நிறுத்திவிட்டார். சைக்கிள் என்றால் ஓட்டுகிறேன் என்றார். அதிலும் சாதாரண சைக்கிள் ஆகாது, ஹேண்டில் வளைந்த ரேஸ் சைக்கிள்தான் வேண்டுமாம். அவருக்காகத் தேடப்போய்த்தான் பெங்களூரிலும் கோயம்புத்தூரிலும் இருக்கிற பழைய சைக்கிள் பைத்தியங்களின் வாட்ஸ்அப் குழுவில் நான் சேர்ந்தேன். அவருக்குச் சைக்கிள் கிடைப்பதற்குள் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

யாராவது படம் போடுவார்கள். "அக்கா, இது எந்த வருசம்?" என்பார்கள். கியர் லீவர் எங்கே இருக்கிறது, பிரேக் வயர் எப்படிப் போகிறது, குழாய்கள் சேரும் மூட்டில் என்ன வேலைப்பாடு, பெடல் அச்சுக்கு அடியில் அடித்த நம்பர் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வயதைச் சொல்வேன். ஜப்பான் கியர்களின் உட்புறம் இரண்டு எழுத்து அடித்திருப்பார்கள். முதல் எழுத்து வருஷம், இரண்டாவது மாதம். இதெல்லாம் தெரிந்துவிட்டதில் எனக்குக் கர்வமும் வந்திருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

பாப்பாரப்பட்டியில் ஒரு பழைய இரும்புக் கடையில்தான் அந்தச் சைக்கிள் கிடைத்தது. பெங்களூரிலிருந்து வந்த லோடில், உடைந்த கட்டில் சட்டங்களுக்கு அடியில் கிடந்தது. நீலப் பெயின்ட், யாரோ கையால் அடித்தது. எங்கள் தெருப் பிள்ளைகள் வளைந்த ஹேண்டிலைப் பார்த்த மாத்திரத்தில் கெடாக்கொம்பு சைக்கிள் என்று பேர் வைத்துவிட்டார்கள். நாங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் ஆயுத பூஜை. அவருடைய பைக், என் ஸ்கூட்டி, மிக்சி, அரிவாள்மணை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தபோது அதற்கும் வைத்தேன். வண்டிக்கு நெற்றி எது? ஹேண்டில்பாரைத் தாங்கிக்கொண்டு முன்னால் நீட்டியிருக்கும் கழுத்து. ஸ்டெம் என்பார்கள். அலுமினியத்தில் வார்த்தது. அதன் மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தேன். புது வரவாயிற்றே, கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

அடுத்த ஞாயிறு அதற்கு வயது பார்க்க உட்கார்ந்தேன். கியரிலும் பெடல் கையிலும் இருந்த எழுத்துகள் ஒரே வருஷத்தைக் காட்டின. பிந்திய காலத்து வருஷம். மனசுக்குத் திருப்தியாக இருந்தது. காரணம் இருக்கிறது. அந்த ஸ்டெம் செய்த கம்பெனியின் ஆரம்ப கால வார்ப்புகள் ஆகாதவை என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும். வயதானால் கழுத்தில் கீறல் விட்டு, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். பிறகு வார்ப்பை மாற்றிவிட்டார்கள். பழைய வார்ப்பு என்றால் கம்பெனிப் பேருக்கு அடியில் ஒரு சின்ன நட்சத்திரம் இருக்கும். வண்டி பிந்தியது என்று எழுத்துகளே சொல்லிவிட்டதால் நட்சத்திரத்தைத் தேடுவது அவ்வளவு அவசியமாகப் படவில்லை.

அந்த இடத்தில் பொட்டு காய்ந்து ஓடாகியிருந்தது. சுரண்டிப் பார்க்கலாம் என்று என் கட்டைவிரல் அதுவரை போனது உண்மை. வண்டிக்கு வைத்த பொட்டு தானாக உதிர வேண்டும், நாமாக அழிக்கக் கூடாது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதிலும் புருஷன் ஏறும் வண்டியின் பொட்டைப் பெண்டாட்டி கையால் அழிப்பதா? விரலை எடுத்துக்கொண்டேன்.

"இத ஓட்டலாமா?" என்று அவர் கேட்டார்.

"தாராளமா ஓட்டுங்க. நான் சொல்றேன்ல" என்றேன்.

இரண்டு மாதம் ஊருக்குள்ளும் புறவழிச் சாலையிலும் ஓட்டினார். சர்க்கரை இறங்கியது. ஆள் கொஞ்சம் இளைத்து, கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும், "வத்தல்மலை ஏறிட்டு வந்துடறேன் புள்ள" என்று கிளம்பினார். வளைவுக்கு வளைவு கொண்டை ஊசி. ஏறும்போது மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எனக்கிருந்த கவலை எல்லாம் ஏற்றத்தைப் பற்றித்தான்.

அடுப்பில் கேவுரு களி கிண்டிக்கொண்டிருந்தபோது போன் சத்தம் கேட்டது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் குழுவில் படம் போட்டிருந்தார். கழுத்து இரண்டாக முறிந்த ஸ்டெம். பக்கத்தில் சைக்கிளின் படம். அவருடைய சிநேகிதர் மருதமலை இறக்கத்தில் வந்தபோது முறிந்ததாம், தாடை உடைந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். "கியர் எழுத்தைப் பார்த்துப் புது வண்டின்னு நெனச்சோம். கியரை யாரோ பிற்பாடு மாத்தியிருக்காங்க. ஃபிரேம் பழசு. அந்தக் காலத்து வண்டியிலதான் பிரேக் வயரை மேல் குழாயில பட்டை போட்டுக் கட்டுவாங்க. அந்தத் தடத்தைப் பாருங்க" என்று எழுதியிருந்தார். மேல் குழாயில் பெயின்டுக்கு அடியில் மோதிரம் மாதிரி இரண்டு தடம் தெரிந்தது.

அந்தத் தடம் எனக்குத் தெரியும். எங்கள் சைக்கிளிலும் இருந்தது. என் விரலே தடவியிருக்கிறது. பெயின்ட் திப்பியாக நின்றிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். பழைய சொத்தைப் புதுப் பத்திரத்தில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினால் பத்திரத்தின் தேதியை வைத்துச் சொத்துக்கு வயது சொல்வேனா? நூறு பேருக்கு இந்தப் பாடத்தை எடுத்தவள் என் வீட்டு வண்டியில் கோட்டை விட்டேன்.

அடுப்பை அணைத்தேன். அவருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி போட்டேன். மலையில் எங்கே சிக்னல்? நைட்டியின் மேல் ஒரு துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியை எடுத்தேன். வீட்டைப் பூட்டினேனா என்று தெரியாது.

அடிவாரம் வரைக்கும் எப்படி ஓட்டினேன் என்பதும் சரியாக நினைவில் இல்லை. தாடை, தாடை என்று ஒரே சொல் மனசுக்குள் ஓடியது. எதிரே ஆம்புலன்ஸ் வருமோ என்று பார்த்துக்கொண்டே போனேன். வராதது நல்லதா, இன்னும் யார் கண்ணிலும் படவில்லை என்று அர்த்தமா என்று அடுத்த நிமிஷமே பயம் வந்தது. என் குலதெய்வத்திடம் எல்லாவற்றையும் நேர்ந்துகொண்டேன். வாட்ஸ்அப்பை விட்டுவிடுகிறேன் என்றுகூடச் சொன்னேன்.

மலைப் பாதையில் மூன்றாவது வளைவில் ஒரு மினி பஸ் இறங்கி வந்தது. குறுக்கே ஸ்கூட்டியை நிறுத்திக் கையைக் காட்டினேன்.

"அண்ணா, வளைஞ்ச ஹேண்டில் சைக்கிள்ல ஒருத்தரு... நீலக் கலரு... பாத்தீங்களாங்க?"

"மேல டீக்கடையாண்ட நின்னிருந்தாருங்க. நாங்க எடுக்கறப்போ அவரும் சைக்கிள்ல ஏறி ஒக்காந்தாரு. பின்னாலயே வருவாரு" என்றார் டிரைவர்.

உயிரோடு இருக்கிறார். இறங்க ஆரம்பித்துவிட்டார். இரண்டும் ஒரே மூச்சில் வந்து சேர்ந்தன. ஸ்கூட்டியை முறுக்கினேன். அகலமான ஒரு வளைவாகப் பார்த்து நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டி அவரை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தேன். ஏழாவது வளைவில் ரோடு கொஞ்சம் அகலம். அங்கே நின்று மேலே பார்த்தேன். இரண்டு வளைவுக்கு மேலே நீலமாக ஒரு பொட்டு நகர்ந்தது. அவர்தான். கையைத் தூக்கினேன்.

தூக்கிய கை அப்படியே நின்றது.

என்னை இந்த இடத்தில், இந்தக் கோலத்தில் பார்த்தால் அவர் என்ன செய்வார்? வீட்டில் யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று சடாரென்று பிரேக் பிடிப்பார். இறக்கத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால் ஆளின் மொத்தப் பாரமும் இரண்டு கைக்கு வரும். கையிலிருந்து ஹேண்டிலுக்கு. ஹேண்டிலிலிருந்து கழுத்துக்கு. கோயம்புத்தூர்க்காரரின் சிநேகிதருக்கு அப்படித்தான் முறிந்திருக்கிறது, எதிரே ஒரு மாடு வந்ததாம் என்று குழுவில் எழுதியிருந்தார். என் புருஷன் நிதானமானவர், வளைவுக்கு வளைவு விட்டு விட்டுத்தான் பிடிப்பார். அப்படியே போகவிட்டால் கீழே போய்ச் சேர ஒரு வாய்ப்பு இருக்கிறது. மறித்தால் அந்த வாய்ப்பும் இல்லை.

ஸ்கூட்டியை உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் தள்ளினேன். முள் கிழித்தது. நானும் பாறைக்குப் பின்னால் குந்தினேன். கட்டின புருஷனுக்குப் பயந்து ஒளிகிற பெண்டாட்டி மாதிரி ஒளிந்தேன். துப்பட்டாவை வாயில் திணித்துக்கொண்டேன், கத்திவிடுவேனோ என்று.

பின்சக்கரம் டிக் டிக் என்று சொல்லும் சத்தம் முதலில் வந்தது. பிறகு அவர் குரல். வாய்க்குள் ஏதோ பாட்டை முனகிக்கொண்டு வந்தார். சந்தோஷமாக இருந்தார். வளைவில் பிரேக்கைத் தொட்டார். ரப்பர் கிறீச்சிட்டது. நான் கண்ணை மூடவில்லை, மூடக் கூடாது என்று இருந்தேன். இரண்டு கை தூரத்தில் என்னைத் தாண்டினார். ஸ்டெம்மின் மேல் நான் வைத்த பொட்டு வெயிலில் பளிச்சென்று இருந்தது. அதன் மேலேதான் அவர் பாரம் முழுக்கச் சாய்ந்திருந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். கூப்பிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரைக் கடைசியாகப் பார்ப்பது இப்படித்தானோ என்று நினைத்தேன். நினைக்கக் கூடாதுதான், ஆனால் நினைத்தேன்.

டிக் டிக் சத்தம் கீழே போய் நின்றது. தூரத்தால் நின்றதா, விழுந்ததால் நின்றதா? என்ஜினைப் போடாமல், அவருக்குச் சத்தம் கேட்டுவிடாமல் ஸ்கூட்டியை உருட்டி விட்டுக்கொண்டே இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் நின்று தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் கீழே நீலமாக ஏதோ கிடந்தது. சுவரில் ஏறிக் குனிந்து பார்த்தேன். அது சிமென்ட் மூட்டைத் தார்ப்பாய்.

அடிவாரத்து டீக்கடையில் புளியமரத்தில் சாய்ந்திருந்தது சைக்கிள். சர்க்கரைக்காரர் பெஞ்சில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பஜ்ஜியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நீ எங்க இங்க? வூட்ல யாருக்கு என்ன?"

நேராகச் சைக்கிளிடம் போய்க் கட்டைவிரல் நகத்தால் பொட்டைச் சுரண்டினேன்.

"ஏம்புள்ள, என்ன பண்ற? பொட்டப் போயி அழிக்கிற!"

சந்தனம் ஓடு ஓடாகப் பெயர்ந்தது. கம்பெனிப் பேர் தெரிந்தது. அதற்கு அடியில் நட்சத்திரம். நட்சத்திரத்தைத் தாண்டி, கழுத்தைச் சுற்றி மெல்லியதாக ஒரு சிவப்புக் கோடு ஓடியது. குங்குமம் கீறலுக்குள் இறங்கியிருந்தது. கழுத்தைச் சுற்றிப் போய், தொடங்கிய இடத்தைத் தொட ஒரு நகம் அகலம்தான் பாக்கி.

"கோடுதான? இதுக்கா இந்த ஆட்டம்?" என்று எழுந்து வந்தார். முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பிரேக் பிடிக்கிற மாதிரி இரண்டு கையாலும் ஹேண்டிலை அழுத்தினார்.

டக் என்றது. கெடாக்கொம்பு அவர் கையோடு வந்துவிட்டது. பிரேக் வயர் மட்டும் தொங்கியது.

டீ ஆற்றிக்கொண்டிருந்த அம்மா, "அய்யோ சாமி" என்றார். இவர் அதைக் கையில் பிடித்தபடியே நின்றார். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் சொன்ன வயது தப்பு என்றேன். ஓட்டலாம் என்று நான்தான் சொன்னேன் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை.

"நீ எப்ப வந்த? மலையிலிருந்துதான எறங்கற? வழியில நான் பாக்கலியே" என்றார் கடைசியில்.

"ஏழாவது வளைவுல பாறைக்குப் பின்னால குந்தியிருந்தேங்க. என்னப் பாத்தா பிரேக் புடிச்சிடுவீங்கன்னு."

உடைந்த இடத்தை விரலால் தடவினார். பிறகு சொன்னார்.

"புடிச்சிருப்பேன். ரெண்டையும் சேத்துப் புடிச்சிருப்பேன்."

சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு அவரை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஊர் எல்லையில் முதல் வேகத்தடை வந்தது. என் கை பிரேக்குக்குப் போக மறுத்தது. பின்னாலிருந்து அவர் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெதுவா புடி" என்றார்.