தக்காளி மண்டிக் குரல்கள்

என்னிடம் படித்த ஒருத்தியின் பல வருட உழைப்பை இணையத்திலிருந்து மறைக்க வைத்தது நான் அனுப்பிய பொய்ப் புகார்தான்.

மாரண்டஹள்ளி தக்காளி மண்டியில் ஏலம் விடுபவர் ஒரே மூச்சில் தமிழில் தொடங்கி, கன்னடத்தில் விலையை ஏற்றி, தெலுங்கில் முடிப்பார். நான் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த காலத்தில் அவருடைய அப்பாவின் ஏலத்தைக் கேசட்டுகளில் பதிவு செய்திருந்தேன். யார் கேட்டாலும், "என் ஆய்வு முடியட்டும்" என்பேன். ஆய்வு முடியவில்லை, நான் ஓய்வு பெற்றேன். கேசட்டுகள் பீரோவில் பாச்சை உருண்டைகளோடு கிடந்தன.

என் மாணவியான அவள் அதே கல்லூரிக்கு ஊடகத் துறை ஆசிரியையாக வந்து, அதே மண்டிக்குப் போனாள். முதல் நாள் என்னையும் அழைத்துக்கொண்டாள். பதிவுக் கருவியை எடுக்கும் முன் ஏலக்காரரிடம் கேட்டாள்.

"அண்ணா, இதை நெட்ல போடுவேங்க. யாரு வேணும்னாலும் காசில்லாம கேக்கலாம், எடுத்துக்கலாம். சம்மதங்களா?"

"தாராளமா போடும்மா. அமெரிக்காக்காரன் தக்காளி வேணும்னான்னா மட்டும் நம்ம மண்டிக்கு அனுப்பி வுடு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஆய்வாளர்களுக்கான திறந்த இணையக் காப்பகம் ஒன்றில் ஒவ்வொரு பதிவாக ஏற்றினாள். அவள் பெயரைக் குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்தலாம். எங்கெங்கோ இருந்து மாணவர்கள் நன்றி எழுதினார்கள். அவற்றை என்னிடம் வந்து வாசித்துக் காட்டுவாள். எனக்கு வயிறு எரியும். நான் பூட்டி வைத்துக் காத்ததை இவள் வாரி இறைத்தே பேர் வாங்குகிறாளே என்று.

காப்பகப் பக்கத்தின் அடியில் புகார் செய்ய ஓர் இடம் இருந்தது. பேசியவர்களின் சம்மதம் பெறாத பதிவுகள் என்று, பெயர் போடாமல், நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். விசாரணை முடியும்வரை மொத்தத் தொகுப்பையும் மறைத்துவிட்டார்கள்.

அவள் என் வீட்டுக்கே வந்தாள்.

"அந்த ஏலக்கார அண்ணனே புகார் பண்ணிட்டாரோ என்னவோ சார். அவரு மொகத்துல எப்படி முழிக்கறது? அன்னைக்கு நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? சம்மதம் குடுத்தாருன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார், போதும்."

"எனக்கு ஞாபகம் இல்லியேம்மா" என்றேன். புகாரைவிட இந்தப் பதில்தான் இன்றும் என்னை அரிக்கிறது.

சில மாதம் கழித்து மண்டிப் பக்கம் போனபோது ஏலக்காரர் என்னை நிறுத்தினார். "ஏங்க சார், அந்த டீச்சரம்மா வர்றதே இல்லீங்களே? நான் ஏதாச்சும் தப்பாப் பேசிட்டனுங்களா?"

அன்றே என் பெயரைப் போட்டுக் காப்பகத்துக்கு எழுதினேன்: புகார் பொய், சம்மதம் தந்ததை நேரில் பார்த்தவன் நான். அதை அச்செடுத்து அவளிடம் கொண்டுபோனேன். நின்றபடியே படித்தாள்.

"அப்ப ஞாபகம் இருந்திருக்குது. இல்லீங்களா சார்?"

"இருந்துச்சும்மா."

தொகுப்பு திரும்ப வந்தது. அவளும் மறுபடி மண்டிக்குப் போகத் தொடங்கினாள், என்னை அழைக்கவில்லை. என் கேசட்டுகளை எல்லாம் கொடுத்தனுப்பினேன். பெரும்பாலானவை பூஞ்சை பிடித்துக் கெட்டிருந்தன. தேறிய ஒன்றைச் சுத்தம் செய்து, என் பெயரிட்டு, அதே காப்பகத்தில் ஏற்றினாள். ஏலக்காரர் தன் அப்பாவின் குரலைப் போனில் வைத்து மண்டி முழுக்கக் கேட்க வைத்தாராம். காய்க் கடைக்காரர் சொல்லித்தான் எனக்கு அது தெரியும்.

இப்போதும் என் பதிவை எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்க்கிறேன். பார்த்த கையோடு அவளுடையதையும் பார்க்கிறேன். அந்தப் புத்தி போகவில்லை.

போன மாதம் ஒரு மாணவர் எனக்கு நன்றி எழுதியிருந்தார். வாசித்துக் காட்ட அவளைத் தவிர யாரும் நினைவுக்கு வரவில்லை. அவளுக்கு அனுப்பினேன்.

"நல்லதுங்க சார்" என்று மட்டும் பதில் வந்தது.