வெயிலில் வைத்த கடல்நீர்

அண்ணன் காரப்பொடி மீனை வேண்டாம் என்று ஒதுக்கத் தொடங்கியதை நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டியவள் நான்தான். எது தின்கிறது, எது தின்னவில்லை என்று பார்ப்பதுதான் அந்த வருஷம் முழுக்க என் வேலையே.

தொண்ணூறுகளின் கடைசி. கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தே போகிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தது, என்னைவிடப் பதினாறு வயது மூத்த அண்ணனும் அண்ணியும்தான். அண்ணன் ஃபைபர் போட் வைத்திருந்தான். நான் எம்.எஸ்ஸி. விலங்கியல் கடைசி வருஷம்.

கடல்நீரில் மிதந்து அலையும் நுண்ணிய உயிர்களைப் பற்றியது என் ஆய்வு. பச்சைப் பாசித் துகள்கள் ஒரு பக்கம். அவற்றைத் தின்கிற கோப்பிபாட் என்ற பிராணி இன்னொரு பக்கம். ரவையைவிடச் சிறியது, இறால் குஞ்சின் சாயல், தலையில் ஒற்றைச் சிவப்புக் கண். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பட்டால் இவை தின்பது குறைகிறதா என்று பார்க்க வேண்டும். கல்லூரி மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகள் வைத்தேன். ஒன்றின் மேல் அந்தக் கதிரைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாள். மற்றது வானம் பார்த்தபடி. மாலையில் இரண்டிலும் எவ்வளவு பாசி மிச்சம் என்று எண்ணுவேன்.

துறைமுகத்துக்குள் இருக்கும் டீசல் மிதக்கிற தண்ணீர் இதற்கு ஆகாது. முகத்துவாரம் தாண்டிப் போய் எடுக்க வேண்டும். "நானே இட்டுகினு போறேன்" என்றான் அண்ணன். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. பொம்பளை ஏறிய போட்டில் மீன் படாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. தெருவில் பேசாத வாய் இல்லை. தங்கச்சி படிப்புக்காக ஊரையே பகைத்துக்கொண்டான் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தோழிகளிடம் இதைச் சொல்லிச் சொல்லியே பெருமையடித்தேன்.

செவ்வாய், வியாழன், சனி, விடிந்ததும் கிளம்புவோம். மற்ற நாட்களில் அவன் கடலுக்குப் போவதில்லை. எஞ்சின் மக்கர், காத்து சரியில்லை என்று ஏதாவது ஒன்று இருக்கும். பத்து வருஷம் கூடவே வந்த ஆளையும், ஒன்றுமில்லாத விஷயத்துக்குச் சண்டை போட்டு அனுப்பிவிட்டிருந்தான். எனக்கு அது எதுவும் உறைக்கவில்லை. சூரியன் எதிரே எழும்பித் தண்ணீர் முழுக்கத் தகடாய் மின்னும்போது கேட்பான்:

"டீச்சரம்மா, எதிர்ல இன்னா நிக்குது, சொல்லு பாப்போம்."

"பார்ஜுண்ணா." சரக்கு ஏற்றும் தட்டைக் கப்பலைச் சொன்னேன்.

"எந்தப் பக்கமா?"

"இடது பக்கம். இதுகூடத் தெரியாதா எனக்கு?"

"சரி, பாஸு" என்று சிரித்துக்கொண்டே எஞ்சின் பிடியைத் திருப்புவான். கடலில் நான் எத்தனை மார்க் வாங்குகிறேன் என்று பார்க்கிறானாம். அப்படித்தான் நினைத்தேன், மக்கு.

ஆய்வில் நான் முதலில் செய்தது ஒரு தப்பு. திறந்த தொட்டியில் இருந்த பிராணிகள் நன்றாக நீந்தின. நோட்டில் 'நலம்' என்று எழுதிவிட்டேன். பாசியை எண்ணியபோதுதான் தப்பு தெரிந்தது. வைத்த பாசியில் பெரும்பகுதி அப்படியே இருந்தது. நுண்ணோக்கியில் பார்த்தேன். மூடிய தொட்டியில் இருந்தவற்றின் குடலில் பச்சைக் கோடு ஓடியது. திறந்த தொட்டியில் இருந்தவை கண்ணாடியாக, காலியாக இருந்தன. காலியாகவே சுறுசுறுப்பாக நீந்திக்கொண்டிருந்தன.

அன்று ராத்திரி அண்ணன் கேட்டான். "உன் பூச்சிங்கோ இன்னா ஆச்சு?"

"சாவல. ஆனா துன்ன மாட்டேங்குது."

"வெயில்ல கண்ணு பூத்துப் பூட்டுச்சோ இன்னாவோ."

"அதுங்க கண்ணால பாத்துத் துன்னாதுண்ணா" என்று சிரித்தேன். படித்த திமிர். அவன் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை எனக்கு அவன் மேல் கொலைவெறி. நான் மூன்று நாளாகக் கழுவிக் காயவைத்திருந்த கேனில் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துவிட்டான். வேறொரு கேனைத் தூக்கிக்கொண்டு போட்டில் ஏறினேன். ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். "எதிர்ல இன்னா நிக்குது?" என்றான். பதில் சொல்லவில்லை. மறுபடியும் கேட்டான். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எதிரே ஒரு பார்ஜ் நின்றிருந்தது. அதிலிருந்து தொடை கனத்துக்கு ஒரு கயிறு தண்ணீருக்கு மேலே விறைத்து நின்றது. திருப்பிவிடுவான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கண் நேராக அதன் மேல்தான் இருந்தது. திருப்பவில்லை.

"அண்ணா! கயிறு!"

சட்டையைப் பிடித்து இழுத்து அவனைக் கீழே தள்ளினேன். கயிறு எங்கள் தலைக்கு மேலே போனது. எழுந்து எஞ்சினை அணைத்தான். பிறகு, "சும்மா, உன் வாயத் தொறக்க வெச்சேன்" என்றான்.

அன்று மதியம் காரப்பொடிக் குழம்பு. உள்ளங்கை அகலம்கூட இல்லாத, உடம்பெல்லாம் முள்ளான மீன். என் சின்ன வயதில் அண்ணன் ஒரு சட்டி காலி பண்ணுவான்.

"ஒரு மாசமா முள்ளு மீனையே தொடறதில்ல உங்கண்ணன்" என்றாள் அண்ணி. "ரசத்த ஊத்து, முட்டையப் பொறின்னு ஒரே பேஜாரு."

நான் அவன் தட்டைப் பார்த்தேன். விரல்கள் சோற்றைத் தடவிப் பார்த்தன. மீன் தட்டுப்பட்டதும் ஒதுங்கி, வேறு பக்கம் போய்ச் சோற்றை மட்டும் உருட்டின. வீட்டுக்குள்ளேயே ஒரு தொட்டி திறந்து கிடந்திருக்கிறது. நான் அதற்கும் 'நலம்' என்றுதான் எழுதி வைத்திருந்தேன்.

உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் அவன் போட்டை விட்டு இறங்க வேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அதற்குப் பதிலாக, அவன் கேட்பதற்கு முன்னாலேயே "வலது பக்கம் வலை, இடது பக்கம் கப்பல்" என்று ஒப்பிக்கத் தொடங்கினேன். ராத்திரியெல்லாம் அந்தக் கயிறு தலைக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. இரண்டு வாரம் இப்படியே ஓடியது. ஆய்வும் முடிந்துவிட்டது.

"இனிமே தண்ணி வேணாண்ணா" என்றேன், எங்கள் கடைசி நாள் என்று நான் நினைத்திருந்த காலையில், போட்டில் வைத்து.

"இன்னும் நாலு நாளு எடுத்துக்கயேன். கரெக்டா வரணும்ல" என்றான்.

அந்தக் குரலில் இருந்த கெஞ்சலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. என்னை வளர்த்தவன் என்னிடம் கெஞ்சினான். அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"எனக்குத் தண்ணி வேணாம். உனக்குத்தான் கண்ணு தெரியல."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எதிரே சூரியன். கப்பலுக்கு வழி காட்டும் சிவப்பு மிதவை, எங்கள் ஆட்கள் போயா என்பார்கள், கொஞ்ச தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அவன் திட்டுவான், மறுப்பான் என்று காத்திருந்தேன். முகத்தை வெளிச்சத்தின் பக்கமே வைத்துக்கொண்டு, இந்த முறை டீச்சரம்மா என்று கூப்பிடாமல் கேட்டான்:

"செவப்பு போயா தாண்டிட்டமாம்மா?"

"இல்லண்ணா. நேரா எதிர்ல கீது."