மூன்றாவது சுருட்டில் பாதி

இன்னாசித்தம்பி மணிக்கூடு கட்டியதில்லை. கடலில் சுருட்டை எண்ணித்தான் நேரம் பார்ப்பார். தம்பி சூசைதாசனைக் கடற்பாம்பு கடித்த அன்றும் அப்படித்தான் எண்ணிக்கொண்டு அவனைக் கரைக்குக் கொண்டுவந்தார். தம்பியை உள்ளே கொண்டுபோனதும், ஆஸ்பத்திரி வாசலில் நேர்ஸ் இவரை மறித்தாள்.

"அண்ணை, இஞ்சை புகைக்கக்கூடாது. உந்தச் சுருட்டை எறியுங்கோ!"

"எறிஞ்சால் கணக்குப் பிழைச்சுப்போம், பிள்ளை. பாம்பு கடிச்சு இரண்டு முடிஞ்சுது. இது மூண்டாவதிலை பாதி."

உள்ளேயிருந்த டொக்டர் ஆவலோடு எட்டிப் பார்த்தார்.

"ஒண்டு எவ்வளவு நேரம் எரியும்?"

"ஒரு மணித்தியாலம், ஐயா."

"அப்ப இரண்டரை. கடிச்சு ஆறு மணித்தியாலத்துக்குள்ளை உடம்பிலை உளைவு, நோவு வராட்டிப் பயமில்லை. நீங்கள் வெளியிலை போய் எண்ணுங்கோ."

வேப்பமரத்தடியில் அவர் ஆறாவது சுருட்டை அணைத்தபோது, பசிக்குதென்று சூசைதாசன் உள்ளேயிருந்து கத்தினான்.