கருகிய கேரமல்

மெர்கோங் பசாரில் கேரமல் வாங்கி வந்தேன். இன்று அப்பா இறந்த எட்டாம் நாள் துக்கம். படையலில் வைக்க வேண்டும். மூடியைத் திறந்ததும் காய்ச்சிய சீனியின் வாசனை வந்தது. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை.

புக்கிட் செலம்பா தோட்டத்தில் அப்பா துரை பங்களாவின் சமையல்காரர். துரையம்மா அந்த முட்டைப் புட்டிங்குக்குப் பிரெஞ்சில் நீளமாக ஒரு பெயர் சொல்வாராம். தொழிலாளர் லயத்தில் எங்களுக்கு அது கேரமல்தான். ஞாயிறு மாலைகளில், புகை வாடை அடிக்கும் சட்டையோடு அப்பா அதைத் தூக்குச் சட்டியில் கொண்டு வருவார். தொட்டால் ஆடும். மேலே கறுப்பாக இருக்கும், கசக்கும். அதன் ருசியே கசப்புதான் என்று நினைத்திருந்தேன்.

அம்மா டப்பாவை எட்டிப் பார்த்தார்.

“என்னடா இது, சீனி கருகவே இல்ல?”

“கருகக் கூடாதும்மா.”

“ஒங்கப்பா வேணும்னே ஒண்ண கருக்கிடுவாருலா. கருகுனத துரை தொடமாட்டாரு. வீட்டுக்குக் கொண்டு போன்னு சொல்லிருவாரு.”

சட்டியை அடுப்பில் வைத்துச் சீனியைக் கொட்டினேன். உருகிப் பொன்னிறமானது. எந்த அளவுக்குக் கருக்க வேண்டும் என்று அப்பாவுக்குத்தான் தெரியும். புகை வந்த பிறகும் நான் அடுப்பை அணைக்காமல் நின்றேன்.